வெயில் கரண்டும் தண்ணிக் கரண்டும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை ஒளித்துவைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. சிறு வயதில் அக்காவுக்கு வாங்கிய ரிப்பன் என்னுடையதைவிட ஒரு விரல்கடை நீளம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான். கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகு ரிப்பன் போய்விட்டது, குணம் போகவில்லை. அம்மா யார் வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் கிடந்த வழக்கு. வழக்கு என்று நான்தான் சொல்கிறேன். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கஹவத்தையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம். கீழ்ப் பிரிவில் ரப்பர், மேல் பிரிவில் தேயிலை. நான் கீழ் லயத்தில் இருந்தேன், பால் வெட்டுகிறவள். அக்கா மேல் லயத்தில் இருந்தாள், கொழுந்து எடுக்கிறவள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள், அறையைக் காம்பிரா என்போம். இரண்டு லயத்துக்கும் நடுவில் அரை மணி நேர ஏற்றம். தொண்ணூறுகளின் கடைசியில்கூடக் கரண்ட் கம்பி துரை பங்களாவுக்கும் ரப்பர் ஷீட் அடிக்கிற ஸ்டோருக்கும் வந்து, அதோடு களைத்துப்போய் நின்றுவிட்டது. லயத்துக்காரர்களுக்கு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான்.

நான் குவைத்தில் ஒரு வீட்டில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவள். அந்த இரண்டு வருடமும் அம்மா அக்காவோடு இருந்தாள். நான் திரும்பி வந்த பிறகும் அங்கேயே இருந்தாள். எனக்கு மகள் பிறந்தபோது இறங்கி வந்து நாற்பது நாள் இருந்தாள். நாற்பத்தோராம் நாள் ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். அக்காவின் சின்ன மகளுக்கு மூச்சு இழுப்பு, மழையில் அந்தப் பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவில் விட முடியாது என்று ஏதோ காரணம் சொன்னாள். எனக்குக் காரணம் காதில் ஏறவில்லை, பெட்டி போவது மட்டும்தான் தெரிந்தது.

அப்போதே அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். மற்றக் கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள், அந்தப் பிறகு வரவேயில்லை. "சாயங்காலமானா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுடி" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில் வெளிச்சம் இருந்தால் அம்மா என்னிடம் வருவாள். அக்காவிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடக் கடைசியில் கூரையில் நீலக் கண்ணாடித் தகடு கட்டிய வேன் ஒன்று தோட்டம் தோட்டமாக வந்தது. வேனுக்குள் பட்டப்பகலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்த காசில் தோடு வாங்குவதாக இருந்தேன். தோடு வேண்டாம், சோலார் போதும் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். அவரிடம் கேட்கவில்லை, சொன்னேன். சோலார் பூட்ட வந்தவன் சிங்களப் பையன், நல்ல பையன். "மழை பெய்தால் எப்படி?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன். அவன் தகரத்தின்மேல் உட்கார்ந்து ஆணியை வாயில் கடித்துக்கொண்டே, "வஹினகொட்ட டிக்கக் அடுய், அக்கே" என்றான். மழை நேரத்தில் கொஞ்சம் குறையும் என்று அர்த்தம். இரத்தினபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு மழை நேரத்தில் கொஞ்சம் குறையும் என்று ஒருவன் சொன்னதை நானும் தலையாட்டிக் கேட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

நாலு பல்பு, ஒரு கறுப்பு வெள்ளை டீவி. மூலையில் மரப்பெட்டிக்குள் பேட்டரி. சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் மூன்று பொட்டு வெளிச்சம். பச்சை என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, மஞ்சள் என்றால் பார்த்துச் செலவழி, சிவப்பு என்றால் அதுவே எல்லாவற்றையும் அணைத்துவிடும். லயத்தில் இருந்த பன்னிரண்டு காம்பிராவும் வந்து பார்த்தன. மூன்றாம் நாள் அம்மா ட்ரங்குப் பெட்டியோடு இறங்கி வந்தாள். அது ஜனவரி மாதம். மகளுக்கு ஒரு வயது முடிந்து நான் மறுபடியும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்கு இறங்கியதும் அந்த வாரம்தான். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பொறாமைக்காரிக்கு ஒற்றைக் கண்தான்.

அம்மா பல்புக்கு அடியில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். எங்கள் பக்கத்தில் கல் என்றால் மாணிக்கக் கல். அதனால் அம்மா தினமும் ஒரே பகிடியைச் சொல்வாள். "ஊரெல்லாம் கல்லு எடுத்து பங்களா கட்டுறாங்க. நானும் நாப்பது வருசமா கல்லு எடுக்கிறேன், ஒரு கக்கூஸ்கூட கட்ட முடியல." நான் சிரிப்பேன். அந்தப் பகிடி அக்கா வீட்டில் சொன்னதைவிட என் வீட்டில் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றும். வெளிச்சத்தில் சொன்னதல்லவா.

அந்த நாலு மாதம் நான் ராணி. தினம் விடிய முன்னே மரத்துக்குப் போனேன், பால் ஊற்றிவிட்டு வந்தால் மகள் குளித்து, சாப்பிட்டு, அம்மா மடியில் கிடப்பாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து டீவி பார்த்துவிட்டுப் போவாள். போகும்போது வேண்டுமென்றே வாசல் பல்பைப் போட்டுவைப்பேன், அவள் படி இறங்குவதற்காக என்று சொல்லிக்கொண்டு. பகல் வெளிச்சம் இன்னும் இருக்கும்.

மே மாதம் மழை பிடித்தது. எங்கள் மழை வந்துவிட்டுப் போகிற மழை அல்ல, குடியிருக்க வருகிற மழை. முதல் வாரம் மஞ்சள், இரண்டாம் வாரம் சிவப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பல்பு மட்டும் போட்டால்கூட ஏழரைக்குக் கண்ணை மூடிக்கொள்ளும். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டமுடியாது, வெட்டினாலும் மழைத் தண்ணீர் பாலை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே வேலையும் இல்லை, நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வந்த நாலாம் நாள் அம்மா பெட்டியைக் கட்டினாள்.

"எங்கம்மா போற?"

"மேல போய்ட்டு வர்றேன்டி. ஒனக்குத்தான் வெட்டு இல்லையே."

வெட்டு இல்லையே என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் வெளிச்சம் இல்லையே என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அதே மாதம்தான் அக்கா வீட்டுக்குக் கரண்ட் வந்திருந்தது.

மேல் லயத்தை ஒட்டி ஒரு சிங்களக் கிராமம். காட்டிலிருந்து இறங்குகிற ஓடையைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, குழாயில் விழவைத்து, சின்ன மெஷின் ஓட்டி, வீட்டுக்கு இரண்டு பல்பும் ஒரு டீவியும் என்று அவர்களே கரண்ட் எடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு சமிதி. வாய்க்கால் வெட்டும்போது அக்கா வீட்டு மச்சான் மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் போய்க் கல் சுமந்தார், சீமெந்து குழைத்தார். அவர் சிங்களம் பேசினால் அவர்களே திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு சுத்தம். கடைசியில், நீயும் எங்கள் ஆள்தான் என்று சொல்லி, கிராமத்தின் எல்லைக் கம்பத்திலிருந்து லயத்துக் கடைசிக் காம்பிராவுக்கு ஒரு வயரை இழுத்துவிட்டார்கள். கடைசிக் காம்பிரா அக்காவுடையது.

குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனேன். கொட்டுகிற மழையில் அக்கா வீட்டுப் பல்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. மழை கூடக்கூட ஓடை பெருகும், ஓடை பெருகப்பெருகக் கரண்ட் நிற்காது. என் வீட்டைச் சாகடிக்கிற அதே மழை அக்கா வீட்டுக்கு எண்ணெய் ஊற்றியது. கீழே மூன்று பொட்டைப் பார்த்துப் பார்த்து மூச்சுவிடுகிறவள் நான், இங்கே சுவிட்சைத் தட்டினால் முடிந்தது. அம்மா பல்புக்கு அடியில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"ஒன் லைட்டு மாதிரி இது வெள்ளையா இல்லடி. கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

ஆறுதல் சொல்கிறாளாம். எனக்கு வயிறு எரிந்தது. பேட்டரிதான் எரியவில்லை, வயிறாவது எரியட்டும்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுக் கரண்டின் குறைகளைத் தேடுவதுதான் என் வேலை. குறைகள் இருந்தன, கடவுள் புண்ணியத்தில். கிராமத்தில் யாராவது திருட்டுத்தனமாக ஸ்திரிக்கைப் பெட்டி போட்டால் எல்லா வீட்டிலும் பல்பு பொரியல் கத்தரிக்காய் மாதிரி சுருங்கிவிடும். வாய்க்காலில் இலை அடைத்தால் மெஷின் இருமும், மச்சான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இலை அள்ளப் போகவேண்டும். ஜூன் மாதம் ஒருநாள் வெள்ளம் வந்து அணைக்கட்டையே உடைத்துக்கொண்டு போனது. ஐந்து நாள் அக்கா வீட்டில் இருட்டு. அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் கீழே நல்ல வெளிச்சம் இருந்து, என் வீட்டில் மஞ்சள் வந்திருந்தது. அம்மாவை அழைத்துவர ஏறிப்போனேன்.

"இப்ப வர முடியாதுடி. கொழுந்து தள்ளுது. இவ வெள்ளென போனா பொழுது சாஞ்சுதான் வர்றா" என்றாள் அம்மா, குப்பி லாம்பைத் துடைத்துக்கொண்டே.

இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை, பெரிய மகளோடுதான் இருப்பேன் என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். இறங்கி வருகிற வழியெல்லாம் அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் கடைசியில் வானம் வெளுத்தது, அம்மா இறங்கி வந்தாள். பச்சைப் பொட்டு எரிந்தது. மறுபடியும் நான் ராணி. ஒருநாள் ஃபியூஸ் போய் ஒரு வாரம் என் வீட்டில் பல்பு எரியவேயில்லை. அந்த ஒரு வாரமும் அம்மா என்னோடுதான் இருந்தாள். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அக்கா வீட்டு இருட்டில் அம்மா இருந்தால் பாசம், என் வீட்டு இருட்டில் இருந்தால் வழக்கம். என் மனசு அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

மே மாதம் மேலே, டிசம்பரில் கீழே என்று அம்மா போய்வருவதைக் கண்டு லயத்தில் ஒரு சொல் கிளம்பியது. பக்கத்துக் காம்பிராக்காரி, "வெயிலுக்கு ஒரு மக, மழைக்கு ஒரு மக. இந்தக் கெழவிக்கு வந்த யோகத்த பாருங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன். மற்றவர்கள் மழை வருமா என்று பார்ப்பார்கள், நான் அம்மா போவாளா என்று பார்ப்பேன்.

அடுத்த வருடம் பங்குனி முடிந்தும் மழை வரவில்லை. தேயிலை கருகியது, கொழுந்து இல்லாமல் மேல் பிரிவில் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் போட்டார்கள். ஓடை நூலாகிவிட்டது. மெஷின் நின்று அக்கா வீட்டுப் பல்பில் சிலந்தி கூடு கட்டியது. என் வீட்டில் பகல் முழுக்கப் பச்சை. அம்மா மூன்று மாதத்துக்கு மேலாக என்னோடு இருந்தாள். சித்திரையில் மாரியம்மன் திருவிழா. கரகம் பாலித்து ஊர்வலம் வரும்போது மழை பெய்யவேண்டும், பெய்தால்தான் அம்மனுக்கு மனம் குளிர்ந்தது என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. எல்லோரும் கைகூப்பி மழை கேட்டார்கள். நானும் கைகூப்பினேன். தாயே, இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோ என்று கேட்டேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத் தடையாகட்டும் என்பார்களே, அந்தப் புத்தி.

அம்மன் எனக்குக் கொடுத்தாள். மழை வரவில்லை. அடுத்த வாரம் எங்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றுபோனது. பாத்திரம் கழுவவும் தண்ணீர் இல்லை, மகளுக்குக் குடிக்கவும் இல்லை. மேலே ஓடையில் மிச்சமிருந்த தண்ணீரைச் சமிதி மெஷினுக்கு விடாமல் குடிக்க மட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அக்கா வரிசையில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"மொத ஒன் கேன வை" என்றாள்.

"ஒனக்கு?"

"நாங்க பக்கத்துலதானே இருக்கோம். கரண்டு எப்ப வேணுன்னாலும் வந்துக்கும், பிள்ளைக்குத் தண்ணி வேணும்ல."

மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்டவளுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும், இவள் மட்டும் எப்படி இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று ஒரு பொறாமை வந்தது. அதை என்ன செய்ய?

பத்து நாள் கழித்து மழை கொட்டியது. மறுநாளே அம்மா பெட்டியைத் தூக்கினாள். இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை. என் பேட்டரி நன்றாக இருந்தால், மழையிலும் தினம் இரண்டு மணி நேரமாவது வெளிச்சம் வைக்க முடிந்தால், அம்மாவுக்கு ஏறிப்போக என்ன காரணம் இருக்கும்? வெயில் காலத்திலேயே பச்சை எரிந்தும் வெளிச்சம் சீக்கிரம் வாடுவதைப் பார்த்திருந்தேன். ஞாயிறு சந்தைக்குக் கஹவத்தைக்குப் போனபோது பேட்டரிக் கடையில் கேட்டேன். கடைக்காரர் முஸ்லிம் நானா, கடை நிறைய ஆட்கள்.

"அசிட் கொறஞ்சீக்கும் தங்கச்சி. பேட்டரிய கொண்டு வாங்க, பாப்போம்."

அரைச் சாக்கு அரிசி கனக்கிற பேட்டரியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு யார் வருவது? அசிட் குறைந்திருக்கும் என்பது மட்டும் போதும். அசிட் என்றால் என்னவென்று ரப்பர்க்காரிக்கா தெரியாது? வாளி வாளியாகப் பால் ஊற்றுகிறோம், ஸ்டோரில் அதில் அசிட் விட்டுத்தானே உறைய வைக்கிறார்கள். தண்ணீராக ஓடுகிற பாலைப் பிடித்துக் கட்டியாக நிறுத்துகிற சாமான் அது. பேட்டரிக்குள் நிற்காமல் ஓடிப்போகிற கரண்டையும் அது பிடித்து நிறுத்தும் என்று நினைத்தேன். இப்படி நினைக்க ரப்பர்த் தோட்டத்தில் பிறந்திருக்கவேண்டும்.

ஸ்டோரில் வேலை செய்கிற ஒருத்தியிடம் காலில் சேற்றுப்புண் என்று பொய் சொல்லி ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் வாங்கினேன். மூக்கைக் குத்துகிற வாடை. பேட்டரியின் ஆறு மூடியையும் கழற்றி, பாலுக்குக் கலக்குவதுபோல் தண்ணீர் கலந்து, ஆறு குழியிலும் ஊற்றினேன். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு வெயில் வந்தது. அடுத்த நாளும் வந்தது. பச்சை வரவில்லை, மஞ்சள் வரவில்லை. நாலாம் நாள் சிவப்பும் வரவில்லை.

பேட்டரியைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். நானா மூடியைத் திறந்து குனிந்தார், தலையைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தத் தோட்டம் தங்கச்சி? ரப்பரா?"

"ஆமாங்க."

"இது ரப்பர் அசிட்டு. பேட்டரி அசிட்டு வேற, இது வேற. என்ன தங்கச்சி, கரண்ட ஷீட் அடிக்கப் பாத்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பேட்டரி தகடெல்லாம் அரித்துப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். சிரித்தவர்களில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரும் இருந்தார். நான் லயத்துக்கு வந்துசேர முன்னமே செய்தி வந்துவிட்டது. பக்கத்துக் காம்பிராக்காரி வாசலில் நின்று, "கரண்டு ஒறஞ்சிருச்சா, வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு தா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் மழை. வெட்டு இல்லை, வெளிச்சம் இல்லை. குப்பி லாம்பின் கரி மறுபடியும் சுவரில் ஏறியது. கூரையின் மேல் நீலத் தகடு யாருக்கும் உதவாமல் நனைந்துகொண்டு கிடந்தது. இனி அம்மா அக்காவோடுதான் என்று முடிவுகட்டினேன். வெயிலுக்கு ஒரு மகள் என்ற சொல்லும் இனி இல்லை. வழக்கில் நான் தோற்றுவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் வானம் துடைத்துவிட்டமாதிரி இருந்தது. மரம் காய்ந்திருக்கும், வெட்டுக்குப் போகலாம். மகளைப் பிள்ளைக் காம்பிராவுக்கு இழுத்துக்கொண்டு போவதை நினைத்தால் தலை வலித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் அம்மா, தலையில் ட்ரங்குப் பெட்டி, முழங்கால் வரைக்கும் சேறு.

"லைட்டு இல்லம்மா" என்றேன். அதுதான் முதலில் வாயில் வந்தது. "பேட்டரி செத்துப்போச்சு. இனி எரியாது."

"தெரியும், மேலயும் சொல்லிச் சிரிச்சாங்க." பெட்டியை இறக்கி வைத்தாள். "லைட்டுக்கா வந்தேன்? இன்னைக்கு வெட்டு இருக்குல்ல. புள்ள எந்திருச்சிருச்சா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் காய்ந்த நாளெல்லாம் அம்மா என் வீட்டில் இருந்திருக்கிறாள். மழையில் கொழுந்து தள்ளுகிற நாளெல்லாம் அக்கா வீட்டில். என் பச்சைப் பொட்டும் வெயிலுக்குத்தான் எரிந்தது, என் கத்தியும் வெயிலுக்குத்தான் வேலைக்குப் போனது. நான் ஒன்றரை வருடமாகப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு ஏறினேன். ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எதுக்கு வருது, எதுக்குப் போகுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

அக்கா நிமிர்ந்து என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "ஒனக்கு வெட்டு இருந்தா ஒன் வீடு, எனக்குக் கொழுந்து இருந்தா என் வீடு. நீ திரும்ப வேலைக்கு எறங்குனப்பவே நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுதானே. ஏன், ஒனக்குத் தெரியாதா?"

நாங்க ரெண்டு பேரும். என் பிள்ளைக்காகத்தான் பேசியிருக்கிறார்கள், எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் அவர்கள் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ கணக்குப் பாப்பேன்னு அம்மாதான் சொல்ல வேணாம்ன்னுச்சு. அவளுக்கு எத்தன நாள், எனக்கு எத்தன நாள்ன்னு."

பார்த்திருப்பேன்.

மறுநாள் விடியற்காலை. எழுந்து அடுப்பு மூட்ட வந்தபோது காம்பிராவுக்குள் நல்ல இருட்டு. அம்மா அந்த இருட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சுளகை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லாம்பு பற்றவைக்கவில்லை. விரலால் அரிசியை மெல்லத் தள்ளித் தள்ளி, ஒரு இடத்தில் விரல் நின்று, எடுத்துப் போடுவாள். கல் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளும் பல்புக்கு அடியிலும் இவள் விரலால்தான் பார்த்திருக்கிறாள். பல்புக்கு அடியில் உட்கார்ந்தது நான் ஆசைப்பட்டுப் போட்டுவைத்த இடம் என்பதால்.

லாம்பைப் பற்றவைத்தேன். கத்தியைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். வாசல்வரைக்கும் போனவள் திரும்பி வந்தேன். கேட்காமல் போக என்னால் முடியவில்லை, என் குணம் அப்படி.

"அம்மா. எனக்கு வெட்டும் இல்ல, அவளுக்குக் கொழுந்தும் இல்லன்னா? அன்னைக்கு எங்க இருப்ப?"

அம்மாவின் விரல் அரிசியில் நின்றது. நிஜமாகவே யோசித்தாள். பிறகு ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"அப்படி ஒரு நாள் நான் பாத்ததே இல்லையேடி" என்றாள்.

பிரட்டுக்கு மணி அடித்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.